கத்தரி யார் கையில்?

இங்கிலாந்தில் ஏ-லெவலில் ஊடகவியல் படித்த மாணவர்களுக்கு ஓசிஆர் தேர்வு வாரியம் 2008 முதல் கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் தந்துவந்த செய்முறை வேலைகளில் ஒன்று, ட்ரெய்லர் எடுப்பது. படம் என்று ஒன்று இருக்காது. அதன் ட்ரெய்லர் மட்டும் இருக்கும். அந்த இல்லாத படத்துக்குப் போஸ்டர், பத்திரிகை அட்டை என்று துணை வேலைகளும் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு மாணவர் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி, பார்த்தவர்கள் சொன்ன கருத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது. பார்த்தவர்கள் சொன்னதில் எதையெல்லாம் மாற்றினீர்கள் என்றும் கேட்டிருக்கலாம், அப்படிக் கேட்கவில்லை. கேள்வியை எழுதியவர் 'கற்றுக்கொள்' என்ற அந்த ஒரு வினைச்சொல்லை எவ்வளவு யோசித்துப் போட்டாரோ தெரியாது, ஆனால் விஷயம் முழுக்க அதில்தான் அடங்கியிருக்கிறது. நண்பர்கள் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டதை அப்படியே செய்தால் ட்ரெய்லர் கெட்டுப்போகும். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்று புரிந்துகொள்ளும் மாணவர், நல்ல கேமராவோ விலை உயர்ந்த மென்பொருளோ கொடுக்காத முன்னேற்றத்தை ஒரே வாரத்தில் பெற்றுவிடுவார்.

முதலில் ட்ரெய்லர் என்ற பண்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2005இல் நியூயார்க்கில் ராபர்ட் ரியாங் என்ற உதவி எடிட்டர், ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தை எடுத்து அதற்குப் புதிதாக ஒரு ட்ரெய்லர் வெட்டினார். மூலப்படம், பனி சூழ்ந்த ஓட்டலில் மனம் பேதலித்த தகப்பன் கோடரியோடு மனைவியையும் பிள்ளையையும் துரத்தும் கதை. ரியாங்கின் ட்ரெய்லரில் அதே காட்சிகள், அதே நடிகர்கள். ஆனால் அப்பா இல்லாத பையனுக்கு அப்பா கிடைக்கும் மனதுக்கு இதமான குடும்பப் படம் போலத் தெரிந்தது. சிரிக்கும் நொடிகளைப் பொறுக்கி அடுக்கி, கனிந்த குரலில் ஒரு வர்ணனையைச் சேர்த்து, துள்ளலான ஒரு பாட்டைப் பின்னால் ஓடவிட்டார்; அவ்வளவுதான் மாற்றம். சோவியத் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் இதன் அடிப்படையை 1920களை ஒட்டியே காட்டிவிட்டார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை எடுத்து, ஒரு முறை சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் ஒரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார். முதலில் பசியும் அடுத்து துக்கமும் அந்த முகத்தில் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் வியந்தார்கள் என்பது சினிமாப் பள்ளிகளில் இன்றும் சொல்லப்படும் கதை. ஷாட்டுக்குள் இல்லாத அர்த்தம், இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவில், பார்க்கிறவரின் மனதில் பிறக்கிறது. எனவே ட்ரெய்லர் என்ன சொல்கிறது என்று அதைப் பார்த்தவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனை எத்தனை மணி நேரம் முறைத்துப் பார்த்தாலும் அதில் அந்தப் பதில் இருக்காது.

எடுத்தவரே பார்வையாளராக உட்கார்ந்து பார்க்கக் கூடாதா? முடியாது, அவருக்குக் கதை தெரியும். இந்தத் தடை எவ்வளவு பெரியது என்பதற்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990இல் முனைவர் பட்டத்துக்காகச் செய்த சோதனை ஒன்று போதும். ஒருவர் ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பாட்டுகளாவது கண்டுபிடிக்கப்படும் என்று நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றுதான். தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டும் வரிகளும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. எதிரே இருப்பவர் காதில் விழுவது வெறும் டக், டக். மாணவ எடிட்டரின் நிலையும் அப்படியே. கதாநாயகி ஏன் அழுகிறாள் என்று அவருக்குத் தெரியும், அதனால் அந்த அழுகை அவரை உலுக்குகிறது. முதல் முறை பார்க்கிறவருக்கு யாரோ ஒரு பெண் அழுகிறாள். இந்த இடைவெளியை அடைக்க, கதை தெரியாத ஒரு ஜோடிக் கண்கள் வேண்டும். மாணவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், காசில்லாமல் கிடைக்கும் கண்கள் சக மாணவர்களுடையவை.

ஆனால் அந்தக் கண்களோடு வாயும் சேர்ந்தே வருகிறது. ஒரு விஸ்காம் வகுப்பு மாணவரின் திகில் ட்ரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். (மாணவர்கள் அடிக்கடி எடுப்பது திகில்தான், ஒரு வீடு, ஒரு இரவு, ஒரு டார்ச் லைட் இருந்தால் படப்பிடிப்பு முடிந்துவிடுகிறது.) மொத்தம் 1 நிமிடம் 50 நொடி. அக்கா ஒருத்தி ஊரிலுள்ள பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே வருகிறாள். பெட்டியை இறக்குகிறாள், ஜன்னலைத் திறக்கிறாள். 50வது நொடியில், அலமாரி மேல் கிடக்கும் அவளுடைய போன் அடிக்கிறது. திரையில் 'தம்பி' என்ற பெயர். அவள் போனைப் பார்க்கிறாள், எடுக்கவில்லை. போனின் குளோஸ்-அப், அவள் முகம், மறுபடியும் போன் என்று 20 நொடி ஓடுகிறது. பிறகு ஓட்டம், இருட்டு, கதவு அறையும் சத்தம். 1 நிமிடம் 30வது நொடியில் சுவரில் மாலை போட்ட தம்பியின் போட்டோ. எடுத்தவர் இதைத் திருப்பமாக வைத்திருக்கிறார். அதைப் பார்த்து எல்லோரும் துள்ளப்போகிறார்கள் என்று காத்திருக்கிறார். யாரும் துள்ளவில்லை. பார்த்த ஆறு பேரில் ஐந்து பேர், "அந்த போன் சீன் ரொம்ப லேக் ஆகுதுடா, அதைக் குறைச்சிடு" என்கிறார்கள். ஐந்து பேர் ஒரே இடத்தைக் காட்டியிருக்கிறார்கள், எனவே மறுக்க வழியில்லை. அவரும் அன்றிரவே 20 நொடியை 8 நொடியாக வெட்டுகிறார். வெட்டிய பிறகு பார்த்தால் ட்ரெய்லர் வேகமாக ஓடுகிறது, ஆனால் முன்பைவிடச் சப்பென்று இருக்கிறது.

ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை. போன் காட்சி வந்தபோது அவர்களுக்கு உண்மையாகவே சலிப்புத் தட்டியது. ஆனால் சலிப்பின் காரணம் அந்த 20 நொடியில் இல்லை. தம்பி போன் செய்கிறான், அக்கா எடுக்கவில்லை, இதில் என்ன இருக்கிறது? தம்பி இறந்துபோனவன் என்று எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு மட்டும்தான் அந்த மணிச் சத்தம் வயிற்றைப் பிசைகிறது. ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா த்ரூஃபோவிடம் கொடுத்த நீண்ட பேட்டியில் மேசைக்கடியில் வைத்த வெடிகுண்டை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். குண்டு இருப்பது தெரியாமல் திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குச் சில நொடி அதிர்ச்சி கிடைக்கும். குண்டு இருப்பதை முன்கூட்டியே காட்டிவிட்டால், மேலே நடக்கும் சாதாரண அரட்டையும் நிமிடக்கணக்கில் பதைபதைக்க வைக்கும். நம் மாணவர் செய்ய வேண்டியதும் அதுதான். 1 நிமிடம் 30வது நொடியில் இருக்கும் மாலை போட்ட போட்டோவைத் தூக்கி 14வது நொடிக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு நொடி அந்தப் போட்டோ திரையில் நிற்கிறது. இப்போது வெட்டாத அந்த 20 நொடி போன் காட்சியைத் திரும்பப் போட்டால், ஒரு நொடிகூட அதிகமாகத் தெரியாது. புதிதாக ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. இருந்ததை இடம் மாற்றியதோடு சரி. 'போட்டோவை முன்னால் போடு' என்று அந்த ஆறு பேரில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லவும் முடியாது. தங்களுக்கு எது தெரியவில்லை என்பது அவர்களுக்கே தெரியாது.

'அபோகலிப்ஸ் நௌ', 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படங்களின் எடிட்டர் வால்டர் மர்ச், தன் தொழில் பற்றி எழுதிய சிறிய நூலில் இதற்கு ஒரு மருத்துவ உவமை சொல்கிறார். முழங்கையில் வலி என்று வந்தவருக்கு முழங்கையைக் கீறிப் பார்ப்பது நல்ல வைத்தியம் ஆகாது. நரம்பு அழுந்தியிருப்பது தோள்பட்டையில் இருக்கலாம். முன்னோட்டக் காட்சியில் பெரும்பாலோர் ஒரு காட்சியைப் பிடிக்கவில்லை என்றால் உடனே அதை வெட்டத் தோன்றும். ஆனால் அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள வேண்டிய ஏதோ ஒன்று அதற்கு முன்பே விடுபட்டிருக்கலாம் என்பது அவர் அனுபவம். வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும், அதில் அவருக்கு மேல் அதிகாரி கிடையாது. எந்த மருந்து என்பதை அவரிடம் விட முடியாது. சக மாணவர் கருத்தையும் இப்படிப் பிரித்துக் கேட்க வேண்டும். "இங்கே சலிச்சுது", "இங்கே யார் யாருன்னு குழம்பிட்டேன்", "இங்கே சிரிப்பு வந்துடுச்சு" என்பதெல்லாம் வலி; ஒன்றைக்கூட விடாமல் குறித்துக்கொள்ள வேண்டியவை. "இதைக் குறை", "ஸ்லோமோஷன் போடு", "வேற மியூசிக் வை" என்பவை மருந்துச் சீட்டுகள். அவற்றை மரியாதையோடு வாங்கிக்கொண்டு, எந்த வலி இந்தச் சீட்டை எழுத வைத்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். "ஏன் ஸ்லோமோஷன் கேக்குறே?" என்றால், "அந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்க முடியலை" என்று பதில் வரலாம். அதற்கு ஸ்லோமோஷன் தேவையில்லை, அந்த ஷாட் இன்னும் ஒரு நொடி நின்றால் சரியாகிவிடும்.

வலி ஓரிடம், காரணம் வேறிடம் என்ற இந்த இடமாற்றம் ஒலியில் இன்னும் மோசமாக நடக்கும். 'ஏதோ ஸ்கூல் பசங்க எடுத்த மாதிரி இருக்கு' என்று ஒருவர் சொன்னால் மாணவர் முதலில் சந்தேகப்படுவது கேமராவையும் கலரையும்தான். நிறத்தைத் திருத்துவதில் இரண்டு நாள் போகும். பெரும்பாலும் குற்றம் ஒலியில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டிலும் அறையின் இரைச்சல் மாறுகிறது. ஃபேன் சத்தம் ஒரு ஷாட்டில் இருக்கிறது, அடுத்த ஷாட்டில் அறுந்து விழுகிறது, மூன்றாவதில் திரும்ப வருகிறது. கண் அந்த மூன்று ஷாட்டுகளையும் ஒரே அறை என்று ஏற்றுக்கொள்ளும், காது ஏற்றுக்கொள்ளாது. பார்க்கிறவருக்கு அது ஒலியின் குறை என்று பெயர் சொல்லத் தெரியாது, ஏதோ மலிவாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். படப்பிடிப்பன்று யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவுசெய்து வைத்திருந்தால், அதைக் காட்சி முழுக்க அடியில் விரித்துவிடலாம். அடுத்த காட்சியின் ஒலியை அரை நொடி முன்னாலேயே தொடங்கிவிடுவது இன்னொரு பழைய வழி. கதவு தட்டும் சத்தம் முதலில் கேட்டு, பிறகு கதவு தெரிந்தால் கட் விழுந்ததே உறைக்காது. கருத்துக் கேட்கும்போது ஒரு நண்பரைத் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்கச் சொல்வதும், இன்னொருவரை ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கச் சொல்வதும் நல்ல பலன் தரும். ஒன்று மட்டும் இருக்கும்போது எது தாங்குகிறது, எது விழுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

'நண்பர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். செம மச்சி என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்' என்பது இதற்கு எதிராக வரும் முதல் வாதம். சரியான வாதம், ஆனால் பாதித் தவறு கேட்கிறவருடையது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நட்புக்குப் பதில் வரும், ட்ரெய்லருக்கு வராது. "படத்தோட கதை என்னன்னு நினைக்கிறே, சொல்லு", "எந்த இடத்துல போனை எடுக்கத் தோணுச்சு?", "கடைசியில எந்த ஷாட் ஞாபகம் இருக்கு?" என்று கேட்டால் முகஸ்துதிக்கு இடமே இல்லை, கதையைத் தப்பாகச் சொன்னால் தப்புதான். அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் பின்னூட்டம் பற்றிய அறுநூறுக்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துச் சொல்வது சராசரியாகப் பலன் தந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் செயல்திறனைக் குறைத்தே விட்டது என்று கண்டார்கள். கவனம் செய்த வேலையை விட்டுச் செய்த ஆளின் பக்கம் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். 'நீ பெரிய ஆளா வருவே' என்பதும் 'உனக்கு இது செட் ஆகாது' என்பதும் அந்த வகையில் ஒரே தட்டில்தான் நிற்கின்றன. இன்னொன்று, கருத்தை வாயால் சொல்வதற்கு முன் தாளில் எழுதி வாங்கிவிட வேண்டும். சாலமன் ஆஷ் 1950களில் செய்த புகழ்பெற்ற சோதனையில், எந்தக் கோடு நீளம் என்ற குழந்தைத்தனமான கேள்விக்கு, முதலில் பதில் சொன்னவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தவறாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அந்தத் தவறையே திருப்பிச் சொன்னார்கள். கோட்டின் நீளத்திலேயே இந்தக் கதி என்றால், வகுப்பில் செல்வாக்குள்ள ஒருவர் முதலில் 'மொக்கை' என்று சொல்லிவிட்ட ட்ரெய்லரைப் பற்றி மற்றவர் வாயிலிருந்து வேறென்ன வரும்? எழுதி வாங்கியிருந்தால் ஐந்து பேர் குறித்தது ஐந்து தனிச் சாட்சியங்கள். பேசி வாங்கியிருந்தால் அது ஒரே சாட்சியம்தான்.

வாத்தியாரிடமோ தொழில்முறை எடிட்டரிடமோ கேட்பது மேல் அல்லவா என்று கேட்கலாம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்கள் துறைசார்ந்த நடுவர்கள் முன்னால் நின்று கருத்தை வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜ் 2012இல் 'பீட்சா'வையும் நலன் குமரசாமி 2013இல் 'சூது கவ்வும்' படத்தையும் தந்தார்கள். நிபுணர் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியர் கதைச் சுருக்கத்தைப் படித்து ஒப்புதல் தந்தவர், ஸ்கிரிப்டைத் திருத்தியவர். மாலை போட்ட போட்டோ இல்லாமலே தம்பி இறந்தவன் என்று அவருக்குத் தெரியும். அந்த வகையில் அவரும் மேசையில் தாளம் தட்டுகிற கட்சிதான். குவாங்சு சோ, சார்லஸ் மெக்கார்தர் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு நிபுணரிடம் கருத்துப் பெற்ற மாணவர்களைவிடப் பல சக மாணவர்களிடம் கருத்துப் பெற்றவர்கள் தங்கள் எழுத்தைக் கூடுதலாகச் செம்மைப்படுத்தியதைக் கண்டார்கள். அது கட்டுரை எழுதுவது பற்றிய ஆய்வு. ட்ரெய்லருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிபுணர் திருத்தத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார், மாணவர் அதை இட்டு நிரப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறார். சக மாணவர் குழப்பத்தை மட்டும் கொடுக்கிறார், அதைத் தீர்க்க எடுத்தவரே யோசிக்க வேண்டியிருக்கிறது என்ற அளவில் கட்டுரையும் ட்ரெய்லரும் ஒன்றுபோலவே படுகின்றன.

இந்த வாதங்களிலெல்லாம் கனமானது வேறொன்று. ஊர் கூடி வெட்டினால் படைப்பாளியின் குரல் செத்துவிடும் என்பது. இதற்கு 1942இல் நடந்த ஒன்றைவிட வலுவான சாட்சி கிடையாது. ஆர்சன் வெல்ஸ் 'சிட்டிசன் கேன்' படத்துக்கு அடுத்ததாக எடுத்த 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்', கலிஃபோர்னியாவின் பொமோனா நகரில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டது. முதலில் ஒரு ஜாலியான இசைப்படம் ஓடி முடிந்தது. அதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியைப் போட்டார்கள். கருத்து அட்டைகளில் பல கடுமையாக இருந்தன. படத்தைத் தயாரித்த ஆர்கேஓ நிறுவனம் 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டி, புதிதாக ஒரு சுபமான முடிவையும் எடுத்து ஒட்டி, 88 நிமிடப் படமாக வெளியிட்டது. வெட்டிய பகுதிகள் பிறகு அழிக்கப்பட்டன, இன்றுவரை கிடைக்கவில்லை. சினிமாவை நேசிக்கிற யாருக்கும் இது ஆறாத துக்கம். ஆனால் இதில் எது கொன்றது? வெல்ஸ் அப்போது வேறொரு படத்துக்காக பிரேசிலில் இருந்தார். கத்தரி அவர் கையில் இல்லை. பார்வையாளர் தங்கள் வலியைச் சொன்னார்கள். அதற்கான மருந்தை, படம் யாருடையதோ அவரில்லாமல், வேறு யாரோ முடிவு செய்தார்கள். பொமோனா மக்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

இதற்கு மறுபக்கம் பிக்ஸார் நிறுவனத்தில் நடந்தது. 'டாய் ஸ்டோரி'யின் ஆரம்ப வடிவத்தை 1993 நவம்பரில் டிஸ்னிக்குப் போட்டுக் காட்டியபோது, கவ்பாய் பொம்மையான வுடி எரிச்சலூட்டும் கெட்டவனாக இருந்தான், தயாரிப்பே நிறுத்தப்பட்டது. அவன் அப்படி ஆனது, படத்தைக் காரசாரமாக்கச் சொல்லி டிஸ்னி மேலிடத்திலிருந்து வந்துகொண்டிருந்த குறிப்புகளை அவர்கள் வரிசையாக நிறைவேற்றியதால். பிறகு தாங்கள் முதலில் எடுக்க நினைத்த படத்துக்குத் திரும்பி, திருத்தி, 1995இல் வெளியிட்டார்கள். அங்கே பின்னாளில் உருவான 'பிரெய்ன்டிரஸ்ட்' கூட்டங்களில் சக இயக்குநர்கள் உட்கார்ந்து படத்தைப் பார்த்து ஒளிக்காமல் குறை சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கு அதிகாரம் கிடையாது, சொன்னதை இயக்குநர் செய்தாக வேண்டிய கட்டாயமும் கிடையாது என்று நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல் எழுதியிருக்கிறார். குறையைச் சொல்வதில் முழுச் சுதந்திரம், தீர்ப்பதில் முழுப் பொறுப்பு. நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் கல்லூரி ட்ரெய்லரில் இதைக் கடைப்பிடிக்க ஒரே ஒரு ஏற்பாடு போதும். பார்வையாளர் இருக்கும் அறையில் எடிட்டிங் மென்பொருளைத் திறக்கக் கூடாது. 'இப்பவே மாத்திக் காட்டுறேன்' என்று மௌஸைத் தொட்ட நொடியில் கத்தரி கைமாறிவிடுகிறது.

ட்ரெய்லர் என்றால் புதிராகத்தானே இருக்க வேண்டும், பார்த்தவருக்குப் புரியவில்லை என்றால் அது வெற்றிதானே என்று சில மாணவர்கள் சொல்வதுண்டு. 1979இல் வந்த 'ஏலியன்' ட்ரெய்லரில் வசனமே கிடையாது, கதையும் விளங்காது. ஒரு முட்டை, அதில் விரிசல், பிறகு ஓலம் போன்ற ஓர் ஒலியின் மேல் பதறியோடும் காட்சிகள். 'தி ஷைனிங்' படத்தின் அசல் ட்ரெய்லரோ லிஃப்ட் கதவுகளின் முன் அசையாமல் நிற்கும் ஒற்றை ஷாட். கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. கதை தெரியாவிட்டாலும் என்ன மாதிரிப் படம் என்பதில் இரண்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆர்வமும் குழப்பமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; பார்த்தவரிடம், "உனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்று கேட்டால் பிரிந்துவிடும். "செத்தவன் போன்லருந்து யார் கூப்பிடுறாங்க?" என்று அவர் கேட்டால் ட்ரெய்லர் வேலை செய்கிறது. "அந்தப் பொண்ணு யாரு, அவ எதுக்கு ஓடுறா, அது அவ வீடா?" என்று கேட்டால் செய்யவில்லை.

முதல் முறை பார்க்கும் கண் ஒருவருக்கு ஒரு தடவைதான். மாணவர்கள் இதை மறந்துவிட்டு, முதல் வடிவமான ரஃப் கட்டை வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். திருத்திய வடிவத்தைக் காட்டக் கதை தெரியாத ஆள் ஒருவரும் மிச்சமில்லை. பன்னிரண்டு நண்பர்கள் இருந்தால் மூன்று மூன்று பேராக நான்கு தவணையில் செலவழிக்க வேண்டும். போட்டோவை முன்னால் நகர்த்திய பிறகு அது பலித்ததா என்பதைப் பழைய ஆறு பேரால் சொல்லவே முடியாது; தம்பி இறந்தவன் என்று அவர்களுக்கு இப்போது தெரியும். ஒவ்வொரு வடிவத்தையும் தனிப் பெயரில் சேமித்து வைப்பதும், ஒரு தவணைக்கு ஒரு பெரிய மாற்றம் மட்டும் செய்வதும் அதோடு சேர்ந்தது. ஒரே இரவில் இசையை மாற்றி, வரிசையை மாற்றி, டைட்டில் எழுத்தையும் மாற்றினால், எது கெடுத்தது எது காப்பாற்றியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. திருத்தும்போது எதை முதலில் பார்ப்பது என்பதற்கும் மர்ச்சிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கட் சரியா என்று முடிவு செய்வதில் அவர் உணர்ச்சிக்கு 51 சதவீதமும் கதைக்கு 23 சதவீதமும் தாளத்துக்கு 10 சதவீதமும் தருகிறார். கையிலிருந்த கண்ணாடி இடம் மாறிவிட்டதா என்பது போன்ற இடத் தொடர்ச்சிக்கு வெறும் 4. நண்பர்கள் கண்ணில் முதலில் படுவது இந்த நான்கு சதவீதம்தான், ஏனென்றால் அதைச் சுட்டிக்காட்டுவது எளிது. எழுதிக் கொடுத்தவற்றில் அவை எத்தனை இருந்தாலும், கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இசையில் மட்டும் பார்வையாளரின் பாராட்டையே சந்தேகிக்க வேண்டும். தற்காலிகமாகப் போட்டுவைத்த இசையின் மேல் எடிட்டருக்குக் காதல் வந்துவிடுவது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு அலெக்ஸ் நார்த் எழுதிப் பதிவும் செய்த இசையைக் குப்ரிக் ஒதுக்கிவிட்டு, ஏற்கெனவே இருந்த இசைத்தட்டு இசையையே 1968இல் படத்தில் வைத்துக்கொண்டார். அவர் குப்ரிக், அது பலித்தது. ஒரு மாணவர் 'இன்செப்ஷன்' பாணி அதிரும் கொம்பொலியைப் போட்டு எல்லோரும் ஆஹா என்றால், அந்த ஆஹா எந்தப் படத்துக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இசையே இல்லாமல் ஒரு தவணை காட்டிவிட்டால் விடை கிடைத்துவிடும்.

ட்ரெய்லரைக் காட்டியவரைப் பற்றியே இதுவரை பேசியாயிற்று. பார்த்துக் கருத்து எழுதிக்கொடுத்தவருக்கு இதில் என்ன லாபம்? கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ராம், வெண்டி பேக்கர் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் மாணவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு பிறர் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல மட்டும் பயின்றது. இன்னொரு பிரிவு கருத்தைப் பெற்றுத் திருத்த மட்டும் பயின்றது. பருவ இறுதியில், கருத்துச் சொன்னவர்களின் சொந்த எழுத்தே கூடுதலாக முன்னேறியிருந்தது. எடிட்டிங் வகுப்பில் இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்தவருடைய 1 நிமிடம் 50 நொடியில் எந்த இடத்தில் தன் கவனம் நழுவியது என்று தாளில் எழுதி, அது ஏன் என்று பின்னோக்கித் தேடிப் பழகிய மாணவி, அன்று மாலை தன் சொந்த டைம்லைனைத் திறக்கும்போது 40வது நொடியில் கையை நிறுத்துகிறாள். அந்த ஷாட்டை அவள் நூறு முறை பார்த்திருக்கிறாள். அந்தப் பையன் யார் என்று ட்ரெய்லரில் எங்கேயும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் அவள் கண்ணில் படுகிறது.